தோலும் துணியும் தாங்கும் கூரை

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது எளிது. நமக்கு முன்னர்ப் பேசியோர் அதனைக் குறைவறப் பேசிவிட்டனர். ஆட்சிக்குழுவினர் நம்மிடம் வேண்டியது வேறொன்று. ஜவ்வாது மலைமீது சங்கம் எழுப்பவிருக்கும் படிப்பகத்துக்கும் அதன் முன்னுள்ள கூட்டத் திடலுக்கும் எவ்வகைக் கூரை இடுவது என்று சென்ற பொதுக்குழுவில் வாதம் எழுந்ததை அறிவீர்கள். பொறியியல் பயிலும் இளைஞர் சிலர், பெருநகரங்களின் விளையாட்டரங்குகளில் விரிக்கப்படும் துணிக்கூரையை இடலாம் என்றனர். மூத்தவர் ஒருவர் எழுந்து, "மூன்று தலைமுறை ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் கீழே கிடந்தோம். இனியும் துணிக்குக் கீழேயா? தளம் போட்டுக் கட்டுங்கள்" என்றார். அவை அமைதியாயிற்று. இரு தரப்பாரும் பேசியதில் உண்மை உண்டு. ஆகவே அந்தத் துணிக்கூரை என்பது யாது, அது எவ்வாறு நிற்கிறது, அதற்கும் நமக்கும் உள்ள உறவு என்ன என்பவற்றை விளக்கிய பின் நம் கருத்தைக் கூறுவோம்.

கூரை என்பது மேலிருந்து வரும் பாரத்தைத் தரைக்குக் கொண்டு சேர்க்கும் வழியாகும். கல்லின்மேல் கல்லடுக்கி வளைவாகவோ குவிமாடமாகவோ கட்டினால், பாரம் அமுக்குவிசையாகக் கல்வழி இறங்கும். உத்தரமும் பலகையும் இட்டால், பாரம் அவற்றை வளைக்க முயலும். மரமும் இரும்பும் அவ்வளைவை எதிர்த்து நிற்கும். மூன்றாவது வழி கயிறும் துணியும் தோலும் அறிந்த வழி. அவை இழுவிசை ஒன்றினாலேயே தாங்கும். ஒரு நூலை மேசைமீது நிறுத்த எவராலும் இயலாது. தள்ளினால் சுருண்டு விழும். அதே நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் தாங்குகிறது.

இந்த மூன்றாம் வழியில் பொருள் மிகக் குறைவாகச் செலவாகிறது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை உடையது. அதே இடத்தை மூடும் கூரைத்துணியின் எடை ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ. அதனாற்றான் தூண் இல்லாத அகன்ற இடங்களை மூட உலகெங்கும் பொறியாளர் இதனை நாடுகின்றனர். ஆயினும் துணி தானாக நிற்பதில்லை. அதனை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுவிசை தளராமல் காக்க வேண்டும். விழாக்களுக்குப் போடும் சாமியானாப் பந்தலைப் பாருங்கள். தொய்ந்த இடத்தில் மழைநீர் தேங்குகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே 10 கிலோ. அந்த எடை மேலும் தொய்வை உண்டாக்க, மேலும் நீர் சேர, முடிவில் கோல் சாய்கிறது. இவ்வகைக் கட்டடத்துக்குத் தொய்வே பகை.

துணிக்கூரையின் மிக எளிய வடிவம் குடை. குடையைக் கட்டடமாக எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் அதன் கம்பிகள் வளைந்து துணியை இழுக்கின்றன. இழுபட்ட துணி கம்பிகளைத் தன் இடத்தில் நிறுத்துகிறது. ஒன்று மற்றொன்றைத் தாங்கும் இந்த ஏற்பாட்டில், மிகச் சிறிய எடையில் ஒரு மனிதருக்கு வேண்டிய கூரை கிடைத்துவிடுகிறது.

அந்தக் கூரையும் நமக்கு மறுக்கப்பட்ட காலம் இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர், இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிந்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தலாகாது. மண்பாண்டம் அன்றி வேறு கலம் புழங்கலாகாது. இவ்வரிசையில் ஒன்று, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பும் அணியலாகாது என்பது. தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொடுத்தவன் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று விதித்தவர்களின் அறிவை என்னென்பது! தடைகள் செவ்வையாகக் கைக்கொள்ளப்படவில்லை என்று சொல்லி, 1931 ஜூனில் பதினொரு தடைகளை வகுத்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது. இன்று கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் குடையை விரிக்கும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்திருந்தால் போதும்.

மீண்டும் பொறியியலுக்கு வருவோம். பலத்த காற்றில் குடை ஏன் மறுபுறம் திரும்பிக்கொள்கிறது? மேலிருந்து வரும் மழைக்கு ஏற்ற வடிவம், கீழிருந்து தூக்கும் காற்றுக்கு ஏற்றதாக இல்லை. துணியால் இழுக்கத்தான் முடியும். எதிர்த்துத் தள்ள முடியாது. இக்குறையைப் போக்கப் பொறியாளர் கண்ட வடிவத்தை நம் மலைமக்கள் நாள்தோறும் காண்கின்றனர். இரு குன்றுகளுக்கு இடையேயுள்ள கணவாயில் நின்று பாருங்கள். இடமும் வலமும் தரை மேலேறுகிறது. முன்னும் பின்னும் கீழிறங்குகிறது. ஒரே இடம் ஒரு திசையில் குழிவாகவும் மறு திசையில் குவிவாகவும் இருக்கிறது. துணிக்கு இவ்வடிவம் கொடுத்து இழுத்துக் கட்டினால், குழிவாகச் செல்லும் இழைகள் மழையின் பாரத்தைத் தாங்கும். குவிவாகச் செல்லும் இழைகள் காற்றின் தூக்குதலைத் தாங்கும். எத்திசையில் விசை வந்தாலும் அதனைத் தாங்க ஒரு வரிசை இழைகள் ஆயத்தமாக இருக்கும்.

ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், பாரம் வருவதற்கு முன்பே இழைகளில் இழுவிசை இருந்தாக வேண்டும். இதனை முன்னிழுவிசை எனலாம். இந்தக் கருத்தை விளங்கிக்கொள்ள நமக்கு மேலைநாட்டு நூல் தேவையில்லை. பறை போதும்.

வேப்பமரத் துண்டுகளை இணைத்து வட்டச் சட்டம் செய்வர். ஈரத்தோடுள்ள கன்றுத்தோலை அதன்மேல் இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உலரவிடுவர். உலர உலரத் தோல் சுருங்க முயல்கிறது, சட்டம் விடுவதில்லை, தோலில் இழுவிசை ஏறுகிறது. சட்டமோ நாற்புறமும் அமுக்கப்பட்டு வட்டமாக நிற்கிறது. வாசிக்கும் முன் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சுவது எதற்காக? காற்றிலுள்ள ஈரம் தோலில் ஏறி இழுவிசையைத் தளர்த்தியிருக்கும். அனலில் அந்த ஈரம் நீங்கி இழுவிசை மீள்கிறது. விரலால் தட்டி ஒலியைக் கேட்டே இழுவிசை போதுமா என்று வாசிப்பவர் அறிந்துகொள்கிறார். இழுவிசை நான்கு மடங்கானால் ஒலியின் அதிர்வெண் இரு மடங்காகும் என்று இயற்பியல் கூறும். சமன்பாட்டை எழுதத் தெரியாதவரின் செவி அச்சமன்பாட்டை அறிந்திருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து 1920இல் ஆய்விதழில் வெளியிட்டார், உலகம் வியந்தது. அந்தத் தோலை அறுத்து, அடுக்கி, வார்பிடித்துக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு முழு நூல் வெளிவர 2020ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டி. எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய அந்நூல், மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது.

இங்கே இளைஞர் சிலர் முகஞ்சுளிப்பதைக் காண்கிறோம். அதன் காரணமும் அறிவோம். சாவுக்குப் பறையடிப்பது நம்மீது சுமத்தப்பட்ட ஊழியம். அதனை மறுத்ததற்காக நம் முன்னோர் பல ஊர்களில் அடிபட்டனர். அந்த மறுப்பு சரியானது. நாம் அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டோம். ஆனால் ஊழியத்தை மறுப்பது வேறு. அதற்குள் இருந்த அறிவை நம்முடையது அன்று என்று கைவிடுவது வேறு. இழிவு என்று சொல்லப்பட்டது நம் கையிலிருந்த தோல். அதே அறிவு கண்ணாடியிழைத் துணிக்கு மாறியதும் அதற்குப் பெயர் உயர் தொழில்நுட்பம்.

இந்த அறிவைக் கட்டடக்கலையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரை ஓட்டோ என்னும் ஜெர்மானியர். 1925இல் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் சிற்பிகள். இரண்டாம் உலகப்போரில் விமானியாக இருந்து, பிரான்சு நாட்டில் சார்த்ர் நகருக்கு அருகே போர்க்கைதியாக அடைபட்டார். கைதிகளின் முகாமில் கட்டட வேலை அவரிடம் வந்தது. சிமெண்டு இல்லை, இரும்பு இல்லை. குறைந்த பொருளில் எப்படிக் கட்டுவது என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டது. வறுமை சிலருக்குப் பாடசாலை ஆகிறது என்று இதனைப் புகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு புகழமாட்டோம். வறுமையைப் பாடசாலையாகக் கொள்ள வாய்த்தவர் ஆயிரத்தில் ஒருவர். விடுதலையான பின் அவருக்குக் கல்லூரி கிடைத்தது. 1954இல் தொங்கு கூரைகளைப் பற்றி ஆய்வுப் பட்டம் பெற்றார். அதுவே வேறுபாடு.

ஓட்டோவின் வாழ்வில் நம் கருத்தை ஈர்ப்பது, அவர் யாரிடம் கற்றார் என்பது. பீட்டர் ஸ்ட்ரோமையர் என்னும் கூடாரத் தொழில் முனைவரோடு சேர்ந்து அவர் நெடுங்காலம் உழைத்தார். துணியை எங்கே வெட்டுவது, தையலை எத்திசையில் ஓட்டுவது, ஓரத்தில் கயிற்றை எவ்வாறு கோப்பது என்பவை கூடாரம் தைப்போரின் அறிவு. 1955இல் காசல் நகரத் தோட்டக் கண்காட்சியில், இசைவாணர் அமர்வதற்காக இருவரும் எழுப்பிய பருத்தித்துணிக் கூரை, நாம் மேலே கூறிய கணவாய் வடிவினதே. 1967இல் மான்ட்ரியால் கண்காட்சியில் ஜெர்மனியின் கூடம், 1972இல் மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர்க் கூரை என்று அவர் பங்குகொண்ட பணிகள் பெருகின. மியூனிக்கில் கம்பிவட வலையின்மேல் இட்டது துணியன்று, ஒளி புகும் அக்ரிலிக் தகடு. ஆயினும் நிற்கும் முறை ஒன்றே. கட்டடக்கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் பரிசு 2015இல் அவருக்கு வழங்கப்பட்டது. அறிவிப்பு வெளிவந்தது அவர் மறைந்த மறுநாள்.

ஆசியரின் பங்கும் இதில் சிறிதன்று. சவூதி அரேபியாவின் ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்காக 1981இல் முடிக்கப்பட்ட கூடத்தில், 45 மீட்டர்ச் சதுரமான 210 துணிக்கூம்புகள் அணிவகுத்து நிற்கின்றன. அவை மூடும் பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 105 ஏக்கர். கண்ணாடியிழைத் துணிமேல் டெஃப்லான் பூசியது. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சிறிதளவு ஒளியை மட்டும் உள்ளே விடுவது. பாலைவனத்தில் குளிரூட்டும் எந்திரம் இன்றியே மக்கள் நிழலில் அமர்கின்றனர். அதன் பொறியாளருள் தலையாயவர் டாக்காவில் பிறந்த வங்காளி, பஸ்லுர் ரஹ்மான் கான்.

தமிழ்நாட்டில் நாம் காணத்தக்க சான்று சென்னைச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். தொலைக்காட்சியில் பார்க்கும் இளைஞர்கள் பந்தைத்தான் பார்த்திருப்பர். ஒருமுறை கூரையையும் பாருங்கள். 1916இல் உண்டான அந்த மைதானத்தில் முன்பிருந்த கூரையைத் தூண்கள் தாங்கின. தூணுக்குப் பின்னால் அமர்ந்தவர் பாதி ஆட்டத்தையே கண்டார். 2009இல் வேலை தொடங்கி, 2011 உலகக் கோப்பைக்கு முன் புதிய மாடங்கள் எழுந்தன. லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனத்தாரும் சென்னைக் கட்டடக் கலைஞரும் சேர்ந்து அமைத்தவை. கம்பிவடங்களால் இழுத்துக் கட்டிய கூம்பு வடிவத் துணிக்கூரைகள் மாடங்களின் மேல் நிற்கின்றன. பார்வையை மறைக்கும் தூண் இல்லை; மாடங்களுக்கு இடையே விட்ட வழியாகக் கடற்காற்று உள்ளே வருகிறது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 16ஆம் நாள் அதே மைதானத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். புதிய மாடங்களுள் மூன்று, கட்டட அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. எத்துணை அழகிய கூரையாயினும் தாளில் ஒப்புதல் இல்லையேல் அதன்கீழ் எவரும் அமர இயலாது. நம் ஆட்சிக்குழு இதனைக் குறித்துக்கொள்ளுமாக.

இனி, காற்றே தூணாக நிற்கும் கூரைகளைப் பற்றிச் சிறிது. கொல்லர் உலையின் துருத்தியை நினையுங்கள். ஆட்டுத்தோலுக்குள் காற்றை அடைத்தால் தோல் விறைக்கிறது. இழுத்துக் கட்டுவதற்குப் பதிலாக, உள்ளிருக்கும் காற்றே தோலை இழுவிசையில் நிறுத்துகிறது. இங்கிலாந்தின் மோட்டார் வாகனப் பொறியாளர் லாஞ்செஸ்டர், முதல் உலகப்போரின்போது, இம்முறையில் போர்க்கள மருத்துவமனை அமைக்கலாம் என்று 1917இல் காப்புரிமைக்கு எழுதினார். அது கட்டப்படவில்லை. 1948இல் அமெரிக்காவில் வால்டர் பேர்டு என்பவர், ராடார்க் கருவியை மூடுவதற்கு ஏறத்தாழ 15 மீட்டர் அகலமுள்ள காற்றுக்கூடத்தை நிறுத்திக் காட்டினார். உலோகக் கூரை ரேடியோ அலையைத் தடுக்கும், துணி தடுக்காது. 1970இல் ஜப்பானின் ஒசாகா கண்காட்சியில், டேவிட் கைகர் வடிவமைத்த அமெரிக்கக் கூடம் 142 மீட்டர் நீளமுள்ள நீள்வட்டமாய், உள்ளே ஒரு தூணும் இன்றி நின்றது.

நம் பள்ளிக்கும் இத்தகைய கட்டடம் ஒருமுறை வந்தது. மாணவர்க்கு விண்மீன்களைக் காட்டும் ஊதுகோளரங்கம் அது. சாக்குப்பை போல் சுருட்டி வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் விரித்தனர். மின்விசிறியைப் போட்டதும் சில நிமிடங்களில் அரைக்கோளமாய் எழுந்தது. குனிந்து தவழ்ந்து உள்ளே சென்ற ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, தூண் எங்கே?" என்று கேட்டாள். அது நல்ல கேள்வி. காவலூர் வானாய்வகம் நம் மலையிலேயே 1968 முதல் இயங்குகிறது. மெய்யான வானத்தை அங்கே 2.34 மீட்டர்த் தொலைநோக்கி பார்க்கிறது. அதற்குச் சிறிது தொலைவில் துணி வானத்தின்கீழ் நம் பிள்ளைகள் சப்தரிஷி மண்டலத்தைக் கற்றனர். பாதியில் மின்சாரம் நின்றது. துணி வானம் மெல்லத் தாழ்ந்து தலையைத் தொட, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தனர்.

தூண் எங்கே என்ற வினாவுக்கு விடை சொல்வோம். பெரிய காற்றுக்கூடங்களில் உள்ளே இருக்கும் அழுத்தம், வெளியழுத்தத்தை விட ஏறத்தாழ 250 பாஸ்கல் மட்டுமே மிகுதி. இளநீரை உறிஞ்சுகுழலில் ஓர் அங்குலம் ஏற்றுவதற்கு வேண்டிய அழுத்தம் அவ்வளவே. நம் மலைச்சாலையில் 23 மீட்டர் உயரம் இறங்கினாலே காற்றழுத்தம் அவ்வளவு கூடிவிடும். பேருந்தில் காது அடைப்பதற்கும் அது போதாது. ஆகவே உள்ளே நிற்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆயினும் சிறுதுளி பெருவெள்ளம். 50 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூடத்தில் அதே 250 பாஸ்கல் கூரையை மேல்நோக்கித் தள்ளும் மொத்த விசை ஏறத்தாழ 50 டன். மற்றக் கட்டடங்களில் கூரை விழாமல் தாங்குவது வேலை. இதிலோ கூரை பறந்துவிடாமல் தரையோடு பிணைப்பது வேலை. கதவைத் திறந்தால் காற்று போய்விடும் என்பதால் இரட்டைக் கதவோ சுழல்கதவோ வேண்டும். விசிறி இரவும் பகலும் ஓட வேண்டும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் பெரிய காற்றுக்கூரை, 2010 டிசம்பர் 12 அதிகாலையில் பனிப்பொழிவின் பாரத்தால் கிழிந்து இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அவ்வரங்கம் 2014இல் இடிக்கப்பட்டது.

இவ்வளவும் கூறியபின் நம் கூரை வழக்குக்கு வருவோம். காற்றுக்கூடம் நம் மலைக்கு ஆகாது. மின்சாரம் நின்றால் இறங்கிவிடும் கூரையின்கீழ் நூலகம் வைப்பார் இல்லை. மின்னாக்கி வாங்கலாம் எனில், அதன் டீசலுக்கு ஆண்டுதோறும் யாரிடம் கையேந்துவது? குரங்குகளின் திருவிளையாடலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிளையிலிருந்து அவை குதிப்பதற்கு இதனினும் இனிய இடம் வாய்க்காது.

படிப்பகத்துக்கு மூத்தவர் கேட்ட தளமே தக்கது என்பது நம் முடிவு. புத்தகங்களுக்குச் சுவரும் பூட்டும் வேண்டும். மார்கழிக் குளிரில் இரவு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒற்றைத் துணி போதாது. இழுபட்ட துணிமேல் பெருமழை பெய்தால் அதுவும் ஒரு பறையே. உள்ளே ஆசிரியர் பேசுவது கேட்காது. ஆயுளையும் எண்ண வேண்டும். பாலியெஸ்டர்த் துணிமேல் பி.வி.சி. பூசியது பதினைந்து முதல் இருபது ஆண்டு உழைக்கும். கண்ணாடியிழைத் துணி இருபத்தைந்து முப்பது ஆண்டு. நன்கு கட்டிய தளம் அதனினும் நெடிது நிற்கும். இவை அனைத்துக்கும் மேலாக, ஓட்டுக்கூரைக்கும் மாடிக்கும் ஊராரின் இசைவை எதிர்பார்த்துக் கிடந்த மக்களுக்குத் தளம் என்பது சிமெண்டும் கம்பியும் மட்டும் அன்று. அந்த மூத்தவர் கேட்டதில் நியாயம் முழுமையாக உண்டு.

கூட்டத் திடலின் செய்தி வேறு. அங்கே சுவர் வேண்டாம். நடுவில் தூண் இருத்தலும் ஆகாது. ஐந்நூறு பேர் அமரவும், தைப் பொங்கல் முதல் அம்பேத்கர் பிறந்தநாள் வரை விழாக்கள் நிகழவும் நிழல் வேண்டும். தளம் போட்டால் தூண்களும் உத்தரங்களும் மலைச்சாலையில் எத்தனை லாரி ஏறும்! துணியையும் கம்பிவடத்தையும் எஃகுக் கம்பத்தையும் மிகச் சில வண்டிகளில் ஏற்றிவிடலாம். இங்கே இளைஞர்கள் சொன்னதே சரி. ஆனால் துணி என்றதும் மலிவு என்று எண்ண வேண்டா. கூரைக்காகும் பணத்தின் நல்ல பகுதி மண்ணுக்குள் போகும். காற்று தூக்கும் விசையை எதிர்த்து வடங்களைப் பிடித்து நிற்கும் அடிக்கற்கள் கனமாக இருக்க வேண்டும். வடிவக் கணக்கைத் தேர்ந்த கட்டமைப்புப் பொறியாளரே செய்ய வேண்டும். பந்தல் காண்டிராக்டரிடம் விடுவதற்கில்லை.

நெருப்பைப் பற்றி ஒரு சொல். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். ஆசிரியப் பணியில் இருப்போர் எவரும் அந்நாளை மறக்கமாட்டார். கண்ணாடியிழைத் துணி எரியாது. தரமான பி.வி.சி. துணி, தீயை அகற்றினால் தானே அணையுமாறு செய்யப்பட்டது. கடைத்தெருவில் விற்கும் சாதாரணத் தார்ப்பாய் அத்தகையது அன்று. உருகி எரிந்து சொட்டும். விலை குறைவு என்று எவரேனும் அதனைக் காட்டினால் ஆட்சிக்குழு மறுத்துவிட வேண்டும். சோதனைச் சான்று இல்லாத துணி, குழந்தைகள் அமரும் இடத்தில் ஒரு முழம்கூட ஏறலாகாது.

அந்தக் கணக்கை நம் பிள்ளைகளே செய்யும் நாள் வருமா என்று சங்கச் செயலாளர் கேட்டார். வருவதற்குத் தடை யாதுமில்லை. இன்று இங்கே வந்திருக்கும் தாய்மார்களுள் பலர் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்கின்றனர். தட்டையான தோலை வெட்டித் தைத்து, லாஸ்ட் எனப்படும் கால்வடிவக் கட்டைமேல் இழுத்துப் பொருத்தும்போது சுருக்கம் விழாமல் அமைய வேண்டும். எங்கே வெட்டினால் எப்படி அமையும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். தோல் முதுகெலும்பின் போக்கில் ஒருவிதமாகவும் குறுக்கே வேறுவிதமாகவும் இழுபடும் என்பது பதனிடுவோர் அறிந்தது. கூரைத்துணியும் பாவின் திசையில் ஒருவிதமாகவும் ஊடையின் திசையில் வேறுவிதமாகவும் இழுபடும். தட்டையான துணியை வளைந்த கூரையாக்கும் பொறியாளர் கணிப்பொறியில் தீர்ப்பது இதே சிக்கலைத்தான். கட்டமைப்புப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படுகின்றன. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் அடையாற்றில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கையும் இயற்பியலையும் அஞ்சி விலக்கும் பிள்ளைகளுக்கு இக்கதவுகள் திறக்கமாட்டா. கணக்கைக் கண்டு அஞ்சுவது நம் பிள்ளைகளின் இயல்பன்று; கணக்கு நமக்கு வராது என்று வகுப்பறையில் காதுபடச் சொல்லப்பட்டதன் விளைவு. நாம் மாணவராய் இருந்தபோது அதனைக் கேட்டிருக்கிறோம்.

ஓட்டோ பெரிய கூரைகளின் வடிவத்தைக் கண்டது கணிப்பொறியில் அன்று, சோப்புப் படலத்தில். கம்பியை வளையமாக்கித் திருகி, சோப்பு நீரில் தோய்த்து எடுத்தால், அந்த வளையத்துக்குள் எல்லா இடத்திலும் ஒரே இழுவிசையுள்ள வடிவத்தைப் படலம் தானே அமைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் கணவாய் வடிவமாக இருக்கும். நம் திடலின் நான்கு மூலைக் கம்பங்களை வெவ்வேறு உயரத்தில் வைத்தால் கூரை எப்படி அமையும் என்பதை இரண்டு ரூபாய்க் கம்பியில் பார்த்துவிடலாம். வரும் ஞாயிறு மாலை பள்ளி அறிவியல் கூடத்தைத் திறந்து வைப்போம். கம்பியும் சோப்பும் இருக்கின்றன. சிறிது கிளிசரின் கலந்தால் படலம் நெடுநேரம் உடையாது. மலையிறங்கி வருவோர் எவரேனும் திருப்பத்தூரில் ஒரு புட்டி வாங்கி வந்தால் நலம்.